அண்மையில் முடித்த நான்கு ஆர்பிஜி கேம்கள்: தோற்கும்போது அவை நம்மை என்ன செய்கின்றன

கேள்வி இதுதான்: சமீபத்தில் முடித்த ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, அதன் திறமைகளை வளர்த்து ஆடும் வகை) கேம்கள் எவை, அவற்றில் எது நன்றாக இருக்கிறது, எது இடிக்கிறது, வேலைக்குப் போய்க்கொண்டே விளையாடுகிற ஒருவர் ஒன்றே ஒன்றை எடுப்பதானால் எதை எடுக்கலாம்?

நான் கடைசியாக முடித்தவை நான்கு. டிஸ்கோ எலிசியம், பால்டர்ஸ் கேட் 3, கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2, அப்புறம் கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33. நான்குமே நல்ல கேம்கள். கீழே குறைகளை நீட்டி எழுதியிருக்கிறேன் என்பதற்காக யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட வேண்டாம், இவ்வளவு பேச இடம் தருகிற கேம்கள் என்பதால்தான் நீட்டுகிறேன். பெரிய திருப்பங்களை உடைக்க மாட்டேன், ஆனால் சில காட்சிகளைச் சொல்லாமல் நிறைகுறை பேச முடியாது.

ஒரு ஆர்பிஜியை நான் எதை வைத்து எடை போடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரைபடம் எவ்வளவு பெரியது, எத்தனை மணி நேரம் ஓடும் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். நான் தோற்கும்போது அந்தக் கேம் என்ன செய்கிறது என்பதைத்தான் பார்ப்பேன். மற்ற வகை கேம்களில் என் கைவேகம் போதும், ஆர்பிஜியில் நான் ஏற்றுக்கொண்ட ஆளுக்கு எது வரும் எது வராது என்று எண்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். வராத ஒன்றை அவன் செய்யப் போய்ச் சறுக்கும் இடத்தில் கதைக்குச் சொல்ல ஏதாவது இருந்தால்தான் அந்த எண்களுக்கு அர்த்தம். சறுக்கினால் முன்பு சேமித்து வைத்த இடத்தை (சேவ்) மறுபடி லோடு செய்துகொள் என்பதோடு முடிந்துவிட்டால், அத்தனை ஸ்கில் பாயிண்டும் (திறமைப் புள்ளியும்) பூட்டைத் திறக்கிற சாவி, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் டிஸ்கோ எலிசியத்தைத் தாண்ட இன்னும் எதுவும் வரவில்லை. 2019இல் வெளியானது, முழுக்கக் குரல் சேர்த்த ஃபைனல் கட் பதிப்பு 2021இல் வந்தது. சண்டை என்று தனியாக எதுவும் கிடையாது. குடித்துத் தன் பெயரே மறந்துபோன ஒரு போலீஸ்காரர் மார்ட்டினேஸ் என்ற துறைமுகப் பகுதியில் ஒரு விடுதி அறையில் எழுந்திருக்கிறார். அந்த விடுதிக்குப் பின்னால் மரத்தில் ஒரு பிணம் ஒரு வாரமாகத் தொங்குகிறது, அதை விசாரிக்க வந்தவரே அவர்தான். கேம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே, சுற்றிக்கொண்டிருக்கும் சீலிங் ஃபேனில் மாட்டியிருக்கும் டையை எடுக்கப் போகலாம். உடல் வலுவைக் குறைவாக வைத்து ஆளை உருவாக்கியிருந்தால், அந்த டையை எட்டிப் பிடிக்கும் முயற்சியிலேயே மாரடைப்பு வந்து கேம் முடிந்துபோகும். அறையை விட்டு வெளியே கூட வந்திருக்க மாட்டீர்கள்! இந்த ஆளின் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பத்துப் பக்க முன்னுரை சொல்ல வேண்டியதை அந்த ஒரு பகடை சொல்லிவிடுகிறது.

மொத்தம் 24 ஸ்கில்கள், ஒவ்வொன்றும் மண்டைக்குள் பேசுகிற ஒரு குரல். எதையாவது முயன்றால், அது பலிக்குமா என்று சோதிக்க இரண்டு பகடைகள் உருள்கின்றன. வெள்ளை நிறச் சோதனையில் தோற்றால் அந்த ஸ்கில்லை உயர்த்திவிட்டு மறுபடி வந்து பார்க்கலாம், சிவப்பு நிறத்தில் ஒரே வாய்ப்புதான். தோற்ற பிறகு வரும் வசனங்களை எழுத்தாளர்கள் வென்ற பிறகு வருவதைவிடக் கூடுதல் அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். பிணத்தின் நாற்றம் தாங்காமல் வாந்தி எடுப்பதாகட்டும், விடுதியில் கரோக்கி மேடையேறி அபஸ்வரமாகப் பாடுவதாகட்டும், அந்த மனிதரைப் பற்றி நமக்கு ஏதோ ஒன்று புதிதாகத் தெரியவருகிறது. பக்கத்தில் கிம் கிட்சுராகி என்ற இன்னொரு அதிகாரி நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறார். அதிகம் பேச மாட்டார், திட்டவும் மாட்டார். அவர் முன்னால் அசிங்கப்படக் கூடாதே என்று எனக்கு உண்மையாகவே தோன்றியது. ஆர்பிஜிகளில் நம்மோடு வருகிற ஆட்கள் பெரும்பாலும் நம் முதுகைத் தட்டிக்கொடுக்கத்தான் இருப்பார்கள், கிம்மின் மரியாதையை நாம் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

குறை என்றால் நேரம் நகரும் முறை. பேசினால் அல்லது எதையாவது படித்தால்தான் கடிகாரம் ஓடும், நடந்தால் ஓடாது. கடற்கரைப் பக்கம் போகும் வழி மூன்றாம் நாள்தான் திறக்கும். முதல் இரண்டு நாட்களில் செய்ய வேண்டியதை எல்லாம் சீக்கிரம் முடித்துவிட்டால், பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் புரட்டி நேரத்தைத் தள்ள வேண்டியதுதான். அதே சதுக்கத்தைக் குறுக்கும் நெடுக்குமாக ஓடி ஓடி அலுத்துப்போகும். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் ஒரு புள்ளி கூடும் என்பதற்காகச் சட்டை, தொப்பி, செருப்பு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு நிற்பதும் அந்தக் கதையின் தொனிக்கு ஒட்டவே இல்லை. இன்னொன்று, இது மலைபோல ஆங்கிலத்தைக் குவித்து வைத்திருக்கும் கேம், அந்த ஆங்கிலமும் எளிமையானதல்ல. நான்கில் எதற்கும் தமிழ் கிடையாது என்றாலும், மற்ற மூன்றையும் சப்டைட்டிலைப் படித்துக்கொண்டே சமாளிக்கலாம், இதில் ஒரு வாக்கியம் விட்டுப்போனாலும் நஷ்டம்.

பால்டர்ஸ் கேட் 3 பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மேலே சொன்ன அளவுகோலில் இது ஒரே சமயத்தில் ஜெயிக்கவும் செய்கிறது, தோற்கவும் செய்கிறது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து லாரியன் ஸ்டுடியோஸ் செய்தது. 2020 அக்டோபரில் முதல் அத்தியாயத்தை மட்டும் விற்பனைக்கு வைத்து, விளையாடுபவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, 2023 ஆகஸ்டில் முழுதாக வெளியிட்டார்கள். அந்த உழைப்பு முதல் அத்தியாயத்தில் கண்கூடாகத் தெரிகிறது.

ஒரு காட்சி. ட்ரூயிட்கள் என்ற இயற்கை மந்திரவாதிகளின் தோப்பில் அரபெல்லா என்ற சிறுமி எதையோ திருடிவிட்டாள் என்று காகா என்பவள் அவளைப் பாம்பை ஏவி மிரட்டிக்கொண்டு நிற்கிறாள். நாம் பேசித் தடுக்கலாம், இருபது முகப் பகடை உருளும். விழ வேண்டிய எண் விழவில்லை என்றால் பாம்பு கொத்திவிடுகிறது, குழந்தை அங்கேயே செத்து விழுகிறது. வெளியே வந்தால் அவளுடைய அம்மா அப்பா காத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். அவள் பிழைத்தால் இரண்டாம் அத்தியாயத்தில் இருட்டு நிலத்தில் அவளை மறுபடி பார்க்கலாம், அவளுக்கென்று ஒரு கதையே இருக்கிறது. அவள் செத்தாலும் கேம் நிற்காது, குற்றவாளியாக நம்மை உட்கார வைத்துவிட்டு அது பாட்டுக்குத் தொடர்கிறது. ஆர்பிஜி இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் கடைசி சேவுக்கு உடனே திரும்பிப் போகும் குயிக்லோடு பொத்தான் ஒரு விரல் தூரத்தில் இருக்கிறதே. பகடை விழுவதற்குள் விரல் அங்கே போய்விடுகிறது. இன்ஸ்பிரேஷன் புள்ளி என்று நான்கு வரை சேர்த்துவைத்து மறுபடி உருட்டிக்கொள்ளவும் வழி கொடுத்திருக்கிறார்கள், அது போதாமல் லோடு வேறு. தோல்விகளுக்காக லாரியன் இவ்வளவு எழுதி வைத்திருந்தும், கணிசமான பேர் அதில் பாதியைக் கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கு வருத்தம். 2023 நவம்பரில் வந்த ஐந்தாம் பேட்ச்சில் (வெளியீட்டுக்குப் பிறகு வரும் திருத்தத் தொகுப்பு) ஹானர் மோடு என்ற கடின நிலையைச் சேர்த்தார்கள், அதில் ஒரே ஒரு சேவ்தான், பின்னால் போக முடியாது. இந்தக் கேமின் உண்மையான உருவம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் எதிரிகளும் அங்கே ரொம்பக் கடுமை, புதிதாக வருபவருக்கு அதைச் சொல்ல மனம் வராது. நடுவாந்தரமாக, எதிரிகளைச் சாதாரண அளவில் வைத்து ஒற்றை சேவ் மட்டும் கட்டாயமாக்கும் வழியும், நாமே விதிகளை அமைத்துக்கொள்ளும் கஸ்டம் மோடில் இருக்கிறது. அதைத்தான் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது குறை இதைவிட நுட்பமானது. தலைக்குள் புழு புகுந்துவிட்டது, சில நாட்களில் நீ மைண்ட் ஃபிளேயர் என்ற அரக்கனாக மாறிவிடுவாய், சீக்கிரம் வைத்தியம் தேடு என்று கதை நம்மைத் துரத்துகிறது, கூட்டாளி லேஸெல் வேறு ஒவ்வொரு பேச்சிலும் நச்சரிக்கிறாள். நல்ல பிள்ளையாக நாமும் ஓய்வெடுக்காமல் ஓடுகிறோம். ஆனால் கூட்டாளிகளின் முக்கியமான உரையாடல்கள் எல்லாம் இரவில் கூடாரம் போட்டுத் தூங்கினால்தான் வரும், அதுவும் ஒரு இரவுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் பெரும்பாலும் வரும். கதையை நம்பி அவசரப்பட்டவர் ஆஸ்டாரியனின், கேலின், ஷேடோஹார்ட்டின் நல்ல காட்சிகளைத் தவறவிடுகிறார், கதையை நம்பாமல் நினைத்தபோதெல்லாம் தூங்கினவருக்கு எல்லாம் கிடைக்கிறது. உண்மையில் அந்தக் கெடு என்பதே கிடையாது. ஆகவே தாராளமாகத் தூங்குங்கள். நாற்பது யூனிட் உணவு இருந்தால் ஒரு இரவு, வழியில் கிடைக்கிற ரொட்டி, பழம், மீன் எதையும் விடாமல் பொறுக்கிக்கொண்டு வந்தால் பஞ்சமே வராது.

சண்டைகள் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. க்ரிம்ஃபோர்ஜ் என்ற இடத்தின் அடியில் க்ரிம் என்ற உலோக ராட்சதன் இருக்கிறான், கத்தியால் வெட்டினால் கீறல்கூட விழாது. வால்வைத் திருப்பி எரிமலைக் குழம்பை ஓடவிட்டு, அவன் சூடேறிச் சிவந்த பிறகு பட்டறை நடுவில் இருக்கும் பிரம்மாண்டமான சம்மட்டிக்குக் கீழே அவனை வரவைத்து, லீவரை இழுக்க வேண்டும். யாரும் இதை நமக்குச் சொல்லித்தருவதில்லை, இடத்தைச் சுற்றிப் பார்த்தே புரிந்துகொள்கிறோம். இதுபோல உயரம், எண்ணெய், தள்ளிவிடுவது என்று பல வழிகளில் ஒரு சண்டையை முடிக்கலாம்.

மூன்றாம் அத்தியாயம்தான் சறுக்கல். நகரத்துக்குள் நுழைந்ததும் எல்லாக் கூட்டாளிகளின் கதைகளும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வந்து நிற்கின்றன, ஒருவரின் துக்கத்தை உள்வாங்குவதற்குள் அடுத்தவர் வந்து சட்டையைப் பிடிக்கிறார். 12ஆம் லெவலோடு வளர்ச்சி நின்றுவிடும், அந்த அத்தியாயத்தில் சீக்கிரமே அதை எட்டிவிடுவோம், மீதிச் சண்டைகளுக்குப் பரிசாகப் பொருட்கள் மட்டும்தான். வில் என்ற கூட்டாளியின் கதை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டால் மெலிவு. எல்லாவற்றையும்விட என்னைக் கடுப்பேற்றியது வேறு: பேச்சுத் திறமைக்காகவே ஒரு பார்டை (பாடகர் வகைக் கதாபாத்திரம்) வளர்த்து வைத்திருப்போம், கட்சீன் (கதைக் காட்சி) தொடங்கும்போது யார் முன்னால் நிற்கிறாரோ அவர்தான் பேசுவார், கோடாரியோடு நிற்கும் கூட்டாளி கார்லாக்கை வைத்து நாம் சமாதானப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கும். இத்தனை பேட்ச்சுகளுக்குப் பிறகும் இது அப்படியே இருக்கிறது. வெளியீட்டில் முடிவு மொட்டையாக இருந்தது, ஆறு மாதம் கழித்து எல்லாரும் சந்திக்கும் விருந்துக் காட்சியை அதே ஐந்தாம் பேட்ச்சில் சேர்த்த பிறகுதான் விடைபெற்ற உணர்வே வருகிறது. இப்போது ஆடுபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கிங்டம் கம் இரண்டாம் பாகம் ப்ராக் நகரத்து வார்ஹார்ஸ் ஸ்டுடியோஸ் செய்தது, 2025 பிப்ரவரியில் வந்தது. மந்திரம், டிராகன் எதுவும் கிடையாது. 1403ஆம் ஆண்டு பொஹீமியா (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி), அரசர் வென்சஸ்லாஸைச் சிறைப்பிடித்துவிட்டு அவருடைய தம்பி சிகிஸ்மண்ட் நாட்டைச் சூறையாடும் காலம். நாம் ஹென்றி என்ற கொல்லரின் மகன். நண்பன் ஹான்ஸ் கேப்பன் பிரபு குடும்பத்துப் பையன். தொடக்கத்திலேயே வழிப்பறியில் எல்லாவற்றையும் இழந்து, ஊருக்குள் போய் மதுக்கடையில் அடிதடி ஆகி, இருவரையும் தொழுமரத்தில் மாட்டி நிற்க வைத்துவிடுகிறார்கள். நம்முடைய ஹீரோ கதையில் நுழைவதே இப்படித்தான்.

இதில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. முக்கியமான கட்டங்களில் அதுவாகச் செய்துகொள்ளும். மற்றபடி உங்களுக்கென்று உள்ள படுக்கையில் தூங்க வேண்டும், இல்லையென்றால் சேவியர் ஷ்னாப்ஸ் என்ற மதுவைக் குடிக்க வேண்டும், குடித்துக்கொண்டே போனால் போதை ஏறும். அந்த மதுவை நாமே காய்ச்சவும் செய்யலாம். கொப்பரையில் ஒயினை ஊற்றி, மூலிகையை உரலில் இடித்துப் போட்டு, துருத்தியை இழுத்துக் கொதிக்க வைத்து, மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். ஒவ்வொரு அசைவையும் ஹென்றியின் கையால் நாமே செய்கிறோம். நேரம் பிசகினால் தரம் குறைந்துபோகும். ஒரு சேவுக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருப்பதால், திருடும்போது பிடிபட்டாலோ வழியில் அடிவாங்கினாலோ சரி போகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தொடர ஆரம்பித்துவிடுகிறோம். பால்டர்ஸ் கேட் 3 நம்மிடம் கேட்டுப் பெற முடியாத ஒழுக்கத்தை இது ஒரு புட்டி சாராயத்தை வைத்துப் பெற்றுவிடுகிறது.

ஊர் ஜனங்களின் ஞாபகசக்தியும் அபாரம். ஒரு வீட்டைச் சுற்றி நீங்கள் பகலில் உலாத்தியதை யாராவது பார்த்திருந்தால், இரவில் அங்கே பொருள் காணாமல் போகும்போது சந்தேகம் உங்கள் மேல் வரும், கண்ணால் கண்ட சாட்சி தேவையில்லை. அபராதம், தொழுமரம், அடி, சூடு போடுவது என்று தண்டனை படிப்படியாக ஏறும். அழுக்குத் துணியோடு போனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

இத்தனை கண்டிப்பும் பாதி வழியில் கரைந்துபோவதுதான் இதன் பெரிய குறை. குட்டன்பெர்க் வட்டாரத்துக்கு வருவதற்குள் ஹென்றி நல்ல கவசம், நல்ல வாளோடு ஒரு ராணுவ வீரனாகிவிடுகிறான், நான்கு கொள்ளைக்காரர்கள் சேர்ந்து வந்தாலும் பயமே இல்லை. செத்தவர்களின் கவசத்தை விற்றே பணம் குவிந்துவிடுகிறது, அதற்கப்புறம் ஒரு குரோஷன் காசுக்கும் மதிப்பில்லை. தொடக்கத்தில் ஒரு ரொட்டிக்காக யோசித்த அந்தப் பதற்றம்தானே இந்தக் கேமின் உயிர், அதைக் கடைசி வரை காப்பாற்ற ஏதாவது செய்திருக்கலாம். பலரோடு ஒரே நேரத்தில் சண்டை போடும்போது பார்வை யார் மேல் பூட்டிக்கொள்ளும் என்பதும் இன்னும் குழப்பம்தான். பிற்பகுதியில் முதன்மைக் கதை நீளமான கட்சீன்களால் இழுத்துக்கொண்டு போகிறது, பக்கக் கதைகளில் இருந்த சுதந்திரம் அங்கே இல்லை. ஆனாலும் ஹென்றிக்கும் ஹான்ஸுக்கும் இடையிலான நட்பு, அந்தஸ்து வித்தியாசம் அடிக்கடி குறுக்கே வந்து குத்த, நான் கேம்களில் பார்த்த நல்ல நட்புகளில் ஒன்று. பிற்காலத்தில் ஹுசைட் போர்களில் பெயர் பெற்ற யான் ஜிஷ்காவும் ஒற்றைக் கண்ணோடு இதில் வருகிறார், வரலாற்றில் ஆர்வம் இருப்பவர்களுக்கு அது தனி மகிழ்ச்சி.

எக்ஸ்பெடிஷன் 33 பிரான்சின் மோன்பெலியேயில் உள்ள சாண்ட்ஃபால் என்ற சிறிய ஸ்டுடியோவின் முதல் கேம், 2025 ஏப்ரலில் வெளியானது. ஏறக்குறைய முப்பது பேர் கொண்ட மையக் குழு. லூமியேர் என்ற நகரத்துக்கு எதிரே கடலுக்கு அப்பால் ஒரு பிரம்மாண்டமான கல், அதில் வருடத்துக்கு ஒரு முறை ஒருத்தி எழுந்து ஒரு எண்ணை எழுதுகிறாள், அந்த வயதுக்காரர்கள் அத்தனை பேரும் பூவிதழாகக் கரைந்துபோகிறார்கள். எண் வருடா வருடம் குறைகிறது. அவளைத் தடுக்க ஆண்டுதோறும் ஒரு குழு புறப்படுகிறது, யாரும் திரும்புவதில்லை. தொடக்கத்தில் துறைமுகத்தில் குஸ்தாவ் தன் பழைய காதலி சோஃபியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி, எதுவும் பெரிதாகப் பேசிக்கொள்ளாமலே நெஞ்சைப் பிழிந்துவிடும். லோரியன் டெஸ்டாரின் இசை, அவர் இசையமைத்த முதல் கேம் இது என்று சொன்னால் நம்ப முடியாது.

சண்டை டர்ன் முறைதான் (நாமும் எதிரியும் மாறி மாறி அடிப்பது), ஆனால் எதிரி அடிக்கும்போது சரியான கணத்தில் பொத்தானை அழுத்தித் தடுக்க வேண்டும். எல்லா அடிகளையும் தடுத்தால் திருப்பி ஒரு பலத்த அடி கொடுக்கலாம். விலகிக்கொள்வது கொஞ்சம் எளிது, தடுப்பதற்கான இடைவெளி ரொம்பச் சின்னது. எதிரிகள் ஓங்கிவிட்டு நிறுத்தி, நம்மை ஏமாற்றி, அப்புறம் அடிப்பார்கள். தோற்றுத் தோற்று அந்தத் தாளம் மனசில் ஏறும்போது கிடைக்கிற திருப்தி பெரியது. நம் குழுவில் இருக்கும் மேயலின் மூன்று நிலைகள், லூனின் நிறக் கறைகள், ஸியலின் சூரியன் சந்திரன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி விதிகள், ஒருவரைப் போல் இன்னொருவரை ஆட முடியாது.

ஆனால் இங்கே தோல்வி சண்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கதை நம் தோல்வியையும் அறியாது, வெற்றியையும் அறியாது, அதற்கு ஒரே பாதைதான். கடைசியில் ஒரு தேர்வு வருகிறது, மனதைப் பிசையும் தேர்வு, ஆனால் அதுவரை நாம் செய்த எதுவும் அதைத் தொடுவதில்லை. மேசையில் உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் விளையாட்டுகளிலிருந்து வந்த மற்ற மூன்றின் மரபு வேறு, இது ஃபைனல் ஃபேண்டஸி போன்ற ஜப்பானிய கேம்களின் பிள்ளை, ஆகவே அதை ஒரு குற்றமாக நான் வைக்கவில்லை. குற்றமாக வைப்பது மூன்றாம் அங்கத்தை. அங்கே உலகம் திறந்துவிடப்படுகிறது, பக்க இடங்களை எல்லாம் முடித்துவிட்டுப் போனால் கடைசி பாஸ் (பெரிய எதிரி) நம் முன்னால் சில நிமிடம்கூடத் தாங்காது, அந்தக் காட்சியின் கனமே போய்விடும். லூனுக்கும் ஸியலுக்கும் அந்தப் பகுதியில் தங்கள் பங்குக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்க வேண்டும், கதை அவர்களை ஓரமாக நிறுத்திவிடுகிறது. சண்டைப் பகுதிகளுக்குள் மினிமேப் (திரை ஓரத்துச் சிறு வரைபடம்) இல்லை, ஒரே மாதிரிப் பாறைகளுக்கு நடுவே வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருப்போம். பிக்டோஸ் என்ற திறன் பொருட்கள் நூறைத் தாண்டும், அந்தப் பட்டியலில் வேண்டியதைத் தேடுவது பெரிய வேலை.

சரி, வேலைக்குப் போகிறவர் எதை எடுப்பது? இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் எக்ஸ்பெடிஷன் 33. முதன்மைக் கதை முப்பது மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும், ஒரு அமர்வில் ஒரு பகுதி என்று பிரித்து ஆட வசதி. மூன்றாம் அங்கம் திறந்ததும் கொஞ்சமாகச் சுற்றிவிட்டு நேராகக் கடைசிக்குப் போங்கள், மீதியை அப்புறம் வந்து பார்க்கலாம். கைவேகம் வராது என்று தயங்குபவர்கள் ஸ்டோரி என்ற எளிய நிலையை வைத்துக்கொள்ளலாம், தடுக்கும் இடைவெளி தாராளமாகும். பழைய லேப்டாப்தான் இருக்கிறது, ஆங்கில நாவல் படிக்கிற பழக்கமும் உண்டு என்றால் டிஸ்கோ எலிசியம், யோசிக்கவே வேண்டாம். பால்டர்ஸ் கேட் 3 பிசியில் 150 ஜிபி இடம் கேட்கும், எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு வட்டு) இல்லாமல் முயற்சிக்காதீர்கள். நூறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், ஆகவே நண்பர் யாராவது சேர்ந்தால் கோ-ஆப்பில் (இருவரும் ஒரே கேமைச் சேர்ந்து ஆடும் முறை) வார இறுதிகளில் ஆடுவது நல்லது. கிங்டம் கம்மை நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஏழெட்டு மணி நேரம் பாடாய்ப் படுத்தும், அந்த நேரத்தில் சேவ் கட்டுப்பாட்டைத் தூக்கிவிடும் மாட் (விளையாடுபவர்கள் செய்த மாற்றக் கோப்பு) எதையும் போட்டுவிட வேண்டாம். முதல் பாகம் ஆடியிருக்க வேண்டிய கட்டாயமில்லை, தேவையான முன்கதையை ஆரம்ப உரையாடல்களிலேயே சொல்லிவிடுகிறார்கள்.